நீர்வழியும் பழம்பட்டினமும்



சிதம்பரத்துக்கு வருகின்ற யாத்திரிகர்களிடம், ஸ்வாமி தரிசனம் முடிந்த பின்னர் எங்கே போவதாக உத்தேசம் என்று கேட்டால், கிள்ளை வழியாகப் பிச்சாவரம் போய்ப் படகில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரப்போகிறோம் என்று பெரும்பாலோர் சொல்வதை நான் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். அவர்கள் போகிறார்கள், சீட்டு வாங்கிப் படகில் ஏறுகிறார்கள், வேர்கள் பந்தலிட்டாற்போல் வளைந்து நிற்கும் ஓடைகளில் ஒரு மணி நேரம் சஞ்சரித்துப் புகைப்படம் எடுத்துக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் பஸ்ஸுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அந்த ஓடைகள் எங்கிருந்து வருகின்றன, எங்கே போய்ச் சேர்கின்றன, அவற்றின் வடகோடியில் வெள்ளாற்றுக்கு அக்கரையில் பரங்கிப்பேட்டை என்று ஒரு பட்டினம் இருக்கிறதே, அதற்கும் இவற்றுக்கும் என்ன சம்பந்தம் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

இன்னொரு வகைப் பிரயாணிகளும் உண்டு. சரித்திர ஆர்வத்தினால் கையில் குறிப்புப் புத்தகத்துடன் பரங்கிப்பேட்டைக்கு நேரே வந்து இறங்கி, போர்த்துகீசியர் இருந்த இடம் எது, டச்சுக்காரர் பண்டகசாலை எது என்று கடைவீதியில் விசாரித்து, காண்பதற்குக் கோட்டையோ கொத்தளமோ ஒன்றும் இல்லாமையால் மனம் சலித்துத் திரும்புகிறவர்கள் அவர்கள். ஆற்றைக் கடந்து தெற்கே ஒரு படகில் ஏறிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு உதிப்பதே இல்லை. முந்தியவர்கள் வழியைப் பார்த்துவிட்டு ஊரைப் பாராமல் போகிறார்கள். பிந்தியவர்கள் ஊரைப் பார்த்துவிட்டு வழியைப் பாராமல் போகிறார்கள். இவ்விரண்டும் ஒரே சரீரத்தின் இரண்டு அங்கங்கள் என்பதும், ஒன்றைக் கண்டுதான் மற்றொன்றைப் புரிந்துகொள்ள முடியும் என்பதும் என்னுடைய நெடுநாளைய அபிப்பிராயம். அதைத்தான் இன்று உங்கள் முன்னிலையில் சொல்ல வந்திருக்கிறேன்.

உலகத்தில் மற்றவர்கள் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று முதலில் பார்ப்போம். பனாமா நகரம் 1519-ஆம் ஆண்டில் பசிபிக் சமுத்திரக் கரையில் ஸ்பானியர்களால் நிறுவப்பட்டது. பெரு தேசத்து வெள்ளியும் பொன்னும் கப்பலில் அங்கே வந்திறங்கி, கோவேறு கழுதைகளின் முதுகில் அந்தக் குறுகிய நிலத்தைக் கடந்து, மறுபக்கத்துக் கடலில் மீண்டும் கப்பல் ஏறின. அந்தச் செல்வத்தைக் குறிவைத்து 1671-இல் ஹென்றி மார்கன் என்ற கடற்கொள்ளைக்காரன் படையெடுத்தபோது பழைய நகரம் நெருப்புக்கு இரையாயிற்று. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு சற்று மேற்கே புதிதாக ஒரு நகரத்தை எழுப்பினார்கள். அதுதான் இன்று பழம்பகுதி என்று பேணப்பட்டு வருகிறது. அதே நிலத்தைப் பிளந்து, சுமார் 80 கிலோமீட்டர் நீளமுள்ள கப்பல் கால்வாயை 1914 ஆகஸ்டு 15-ஆம் தேதி திறந்தார்கள். மதகுத் தொட்டிகளில் நீரை நிரப்பிக் கப்பல்களை 26 மீட்டர் உயரத்திலுள்ள ஓர் ஏரிக்குத் தூக்கி, மறுபக்கத்தில் மறுபடியும் இறக்கிவிடுகிற அந்த அற்புதத்தைக் காலையில் பார்க்கிற பிரயாணி, மாலையில் அந்தப் பழம்பகுதியின் மாடங்களின் கீழே நடக்கிறான். கழுதைப் பாதை பட்டினத்தை உண்டாக்கிற்று என்பதும், கழுதைப் பாதையே பின்னர் கால்வாயாயிற்று என்பதும் அவனுக்கு ஒரே கதையாகச் சொல்லப்படுகிறது.

நம்முடைய நீர்வழிக்கு அத்தகைய கீர்த்தி கிடையாது. இதன் பெரும்பகுதியை வெட்டியவை ஆறுகளும் கடலுமே. வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், இவ்விரண்டின் கழிமுகங்களுக்கும் நடுவே கடலுக்கு இணையாகக் கிடக்கிற உப்பங்கழி, அதில் வந்து கலக்கின்ற உப்பனாறு, காவிரிப் பாசனத்தின் நன்னீரை வயல்களுக்குத் தந்துவிட்டு மிச்சத்தைக் கொண்டுவந்து சேர்க்கின்ற கான்சாகிப் கால்வாய், இவையெல்லாம் பின்னிப் பிணைந்து சுமார் 1,100 ஹெக்டேர் பரப்புள்ள ஒரு காட்டை ஐம்பதுக்கு மேற்பட்ட தீவுகளாகப் பிரித்து வைத்திருக்கின்றன. தில்லை என்ற பெயரைச் சிதம்பரத்துக்குக் கொடுத்த அந்த மரம், இன்று நகரத்தில் காணக் கிடைக்காமல், இந்தக் காட்டில்தான் உயிரோடு நின்றுகொண்டிருக்கிறது என்பதை மட்டும் இங்கே ஞாபகப்படுத்திவிட்டு மேலே செல்கிறேன்.

இந்த ஓடைகளில் ஆழம் அதிகமில்லை. சில இடங்களில் முழங்கால் அளவு. ஆழமான இடத்தில் மூன்று மீட்டர் இருக்கலாம். ஓதம் ஏறி இறங்குகிற உயரமும் ஒரு மீட்டருக்கு உட்பட்டதுதான். ஆனாலும் அந்தச் சிறிய ஏற்றத்தாழ்வுதான் இங்கே சகலத்தையும் நிர்வகிக்கிறது. சென்ற மாசி மாதத்தில் நான் இங்கே வந்திருந்தபோது, உடனே புறப்படலாம் என்று அவசரப்பட்டேன். படகுக்காரப் பிள்ளை மூங்கில் கோலை நீரில் ஊன்றிப் பார்த்துவிட்டு, “இப்போ வத்தம் ஐயா. ஒரு மணி நேரம் பொறுத்தீங்கன்னா ஏத்தம் புடிச்சுக்கும், அதுவே நம்மள இட்டுக்கிட்டுப் போவும்” என்று சொன்னான். ரயிலுக்குக் காத்திருப்பதுபோல நாங்கள் தண்ணீருக்குக் காத்திருந்தோம். வெறும் சேறாகக் கிடந்த ஓரங்களில் முதலில் ஒரு மெல்லிய நெளிவு தோன்றியது. சிறு நண்டுகள் வளைக்குள் போயின. ஆணி முளைத்தாற்போல் சேற்றில் நிமிர்ந்து நின்ற மூச்சுவேர்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. எங்கள் படகின் மூக்கு தானாகவே மேற்கு நோக்கித் திரும்பிற்று. நீர்வழி என்ற சொல்லுக்கு அர்த்தம் அன்றுதான் எனக்கு முழுமையாக விளங்கியது. சாலையில் நாம் நடந்தால்தான் உண்டு. இங்கே, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம், வழியே நடக்கிறது.

போகிற போக்கில் அந்தப் பிள்ளை வெண்கண்டல் மரத்திலிருந்து ஓர் இலையைக் கிள்ளி என்னிடம் தந்து, “அடிப்பக்கம் நக்கிப் பாருங்க ஐயா” என்றான். உப்புக் கரித்தது. வேர் உறிஞ்சுகிற உவர்நீரில் உள்ள உப்பை இந்த மரம் தன் இலை வழியாக வெளியே தள்ளிவிடுகிறது; வெயில் நேரத்தில் அது மெல்லிய பொடியாகப் படிந்திருப்பதைக் கண்ணாலேயே காணலாம். சுரபுன்னைக்கு உபாயம் வேறு. கிளையிலிருந்து தாங்குவேர்களை ஊன்றிக்கொண்டு, உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்து நிறுத்திவிடுகிறது; அதன் விதையும் தாய்மரத்தில் தொங்கும்போதே முளைவிட்டு நீண்டு, ஈட்டிபோல் சேற்றில் விழுந்து குத்திட்டு நிற்கிறது.

சற்றுத் தூரத்தில், இடுப்பளவு நீரில் குனிந்தபடி இருளர் சமூகத்து அம்மாள் ஒருத்தி, கைகளால் சேற்றைத் துழாவிக்கொண்டே நகர்ந்து வந்தாள். வலை இல்லை, தூண்டில் இல்லை. ஓலையால் முடைந்த பறியின் வாயைப் பல்லால் கடித்துப் பிடித்திருந்தாள். இரண்டு கையும் வேலையில் இருந்தபடியால் பறிக்கு வாயைத் தவிர வேறு இடமில்லை. அகப்பட்ட இறாலைப் பார்க்காமலே பறிக்குள் போடுவதைக் கண்டு, நண்டாக இருந்தால் கடித்துவிடாதா என்று நான் கேட்டதற்கு, பறியைக் கையில் எடுத்துக்கொண்டு, “கையில பட்டா எறாவா நண்டான்னு தெரியாதா சாமி?” என்று சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டாள். ஓதம் ஏறினால் வேலை முடிந்தது. வத்தத்தில்தான் அவளுக்குச் சம்பாத்தியம். எங்களைச் சுமந்து சென்ற அதே நீர், அவளை வீட்டுக்கு அனுப்பிவைத்தது.

இந்தக் காட்டில் மனிதர் வெட்டிய கால்வாய்களும் இருக்கின்றன. சுற்றுலாவாக வருகிறவர்களில் அவற்றைக் கவனிப்பவர் அபூர்வம் என்பதால் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். வெள்ளைக்காரர் காலந்தொட்டு 1970-கள் வரையில், இந்தக் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறைவைத்து அடியோடு வெட்டி விறகுக்கும் மரத்துக்கும் விற்பது வழக்கமாக இருந்தது. வெட்டிய இடத்தில் தானாகவே மறுபடியும் வளர்ந்துவிடும் என்று எண்ணினார்கள், வளரவில்லை. நிழல் போனதும் சேற்றின் ஈரம் வெயிலில் வற்றியது. ஈரம் வற்றிய மண் சுருங்கித் தாழ்ந்து, நடுவில் குழியும் ஓரத்தில் மேடுமாகத் தாம்பாளம்போல் ஆயிற்று. ஓதத்தில் உள்ளே வந்த கடல்நீர் வத்தத்தில் வெளியேற வழியில்லாமல் அங்கேயே தேங்கி வற்றி, ஆண்டுக்கு ஆண்டு உப்பை ஏற்றிவிட்டது. உப்பிலே பிழைக்கப் பிறந்த மரங்களால்கூட அந்த உப்பில் பிழைக்க முடியவில்லை.

மரத்தை நட்டுப் பயனில்லை, நீரை நடமாட விட வேண்டும் என்பதை எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் வனத்துறையாரும் கண்டறிந்து, 1990-களில் இந்தக் கிராமங்களின் ஜனங்களையும் சேர்த்துக்கொண்டு ஒரு காரியம் செய்தார்கள். இயற்கையான ஓடையிலிருந்து தாழ்ந்த நிலத்தின் நடுவே ஒரு தாய்வாய்க்கால். அதன் இருமருங்கிலும் சாய்வாகப் பிரிந்து செல்லும் கிளைவாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீனின் முள்ளைப் போன்ற அமைப்பு. மண்வெட்டியால் வெட்டிய இந்த வாய்க்கால்களின் வழியாக ஓதம் ஏறும்போது நீர் உள்ளே வந்தது, இறங்கும்போது உப்பைக் கழுவிக்கொண்டு வெளியே போயிற்று. அதன் பிறகு கரையில் நட்ட வெண்கண்டல் கன்றுகள் பிழைத்துக்கொண்டன. இன்று படகிலிருந்து பார்க்கும்போது, ஒரே உயரமாக, வரிசை பிசகாமல் நிற்கிற இளங்காட்டை நீங்கள் கண்டால், அது யாரோ ஒரு கூலியாள் இடுப்பளவு சேற்றில் நின்று வெட்டிய வாய்க்காலின் கரை என்று தெரிந்துகொள்ளுங்கள். பனாமாவின் மதகுகளுக்கு நான் எவ்வளவு மரியாதை செலுத்துகிறேனோ, அதற்கு ஒரு சிறிதும் குறையாத மரியாதையை இந்த மீன்முள் வாய்க்கால்களுக்கும் செலுத்துகிறேன். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி கடல் பொங்கி வந்தபோது, காட்டின் மறைவிலிருந்த குக்கிராமங்கள், திறந்த மணற்கரையிலிருந்த குப்பங்களைவிடக் குறைந்த சேதத்தோடு தப்பியதை இந்தப் பக்கத்து ஜனங்கள் கண்ணாரக் கண்டிருக்கிறார்கள். 2022-இல் பிச்சாவரம் ராம்சார் ஒப்பந்தத்தின்கீழ் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

இனி, ஊருக்கு வருகிறேன்.

வெள்ளாற்றின் வடகரையில், முகத்துவாரத்துக்கு அருகே இருக்கிற அந்தப் பட்டினத்துக்கு மூன்று பெயர்கள். பதினாறாம் நூற்றாண்டில் வந்து சேர்ந்த போர்த்துகீசியர் தங்கள் பாஷையில் அதைப் ‘போர்ட்டோ நோவோ’ என்றார்கள்; புதுத்துறை என்று பொருள். முஸ்லிம்கள் அதை ‘மஹ்மூத் பந்தர்’ என்றார்கள். பந்தர் என்றாலும் துறைமுகமே. நம்முடைய ஜனங்களோ, பரங்கியர் வந்து குடியேறிய பேட்டை என்ற கருத்தில் பரங்கிப்பேட்டை என்று வழங்கினார்கள். கடலிலிருந்து வந்தவர்கள் இரண்டு பேரும் துறையைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். நிலத்திலிருந்து பார்த்தவர்கள் சந்தையைக் கண்டு பெயர் வைத்தார்கள். சரக்கு வருகிற துறையும் அதை வாங்கி விற்கிற பேட்டையும் என்று, ஊரின் ஜீவிதம் முழுவதும் அந்தப் பெயர்களிலேயே அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

போர்த்துகீசியருக்குப் பின் பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் இங்கே வியாபாரம் செய்தார்கள். பரங்கிப்பேட்டை வராகன் என்று ஒரு பொன் நாணயமே இந்த ஊரின் பெயரால் செலாவணியில் இருந்தது. ஆனால், வந்துபோன ஐரோப்பியரைக் காட்டிலும், அவர்களுக்கு முன்பும் பின்பும் நிலைத்திருந்து தங்கள் சொந்த மரக்கலங்களில் அச்சே, கெடா, மலாக்கா, பினாங்கு என்று கீழைக்கடல் முழுவதும் சென்று வந்த மரக்காயர்களுடைய ஊர் இது என்று சொல்வதே பொருத்தம். சோழமண்டலக் கரையில் ஆழமான துறை கிடையாது. பெரிய கப்பல் கரைக்குத் தூரத்தில் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்க வேண்டும்; கயிற்றால் தைத்த சலங்குகள் அலையைத் தாண்டிச் சென்று சரக்கை ஏற்றி இறக்க வேண்டும். அப்படியிருக்க, சிறிய தோணிகள் உள்ளே வந்து அலையில்லாத நீரில் ஆற்றங்கரையிலேயே சரக்கை இறக்குவதற்கு வசதியான ஒரு முகத்துவாரமும், அங்கிருந்து உள்நாட்டு வயல்களையும் காடுகளையும் தொடுகிற ஓடைகளும் சேர்ந்து வாய்த்திருந்த இடம் என்பதே இந்தப் பட்டினத்தின் பாக்கியம்.

அந்தத் தெருக்களில் நடப்பதற்கு அவசரப்படாதவர்கள் வேண்டும். சின்னக்கடைத் தெரு, சஞ்சீவிராயர் கோயில் தெரு, மீராப்பள்ளிவாசல், ஆதிமூலேஸ்வரர் கோயில் என்று ஒன்றையொன்று உராய்ந்துகொண்டு நிற்கின்ற ஸ்தலங்களுக்கு நடுவே பழைய வீடுகள் சில இன்னும் எஞ்சியிருக்கின்றன. அவற்றில் ஒன்றின் திண்ணையில் ஒரு மரக்காயர் பெரியவருடன் ஒரு பிற்பகல் முழுவதும் பேசிக்கொண்டிருக்கும் பேறு எனக்குக் கிட்டியது. பர்மாத் தேக்கில் தூண்கள். நடுவே திறந்த முற்றம். மூலையில் அவருடைய பாட்டனார் பினாங்கிலிருந்து கொண்டுவந்த, பித்தளைப் பூட்டுப் போட்ட மரப்பெட்டி. வீட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டே வந்தவர், கொல்லைப்புறக் கதவருகே நின்று, “தம்பி, இப்ப வாசல் தெருவைப் பாத்து இருக்கு, கொல்லை ஆத்தைப் பாத்து இருக்கு. எங்க பாட்டனார் காலத்துல இந்தக் கொல்லைதான் வாசல்” என்றார். கதவைத் திறக்க முயன்றோம். கீல் துருவேறி இறுகியிருந்தது, திறக்கவில்லை. இடுக்கு வழியாகப் பார்த்தபோது, ஆற்றை நோக்கி இறங்குகிற படிகளில் நான்கு தெரிந்தன. மற்றவற்றைக் கருவேலம் புதர் மூடியிருந்தது.

அந்தக் கதவு எப்போது மூடிற்று என்பதற்கு விடை தேடினால், நாம் ஜோஸையா மார்ஷல் ஹீத் என்ற ஒரு மனிதரிடம் போய்ச் சேருகிறோம். கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகத்தில் சேலம் பக்கத்தில் இருந்தவர் அவர். அந்தப் பிரதேசத்து மலைகளில் கிடைக்கிற உயர்ந்த இரும்புத் தாதுவையும், நாட்டுக் கொல்லர்கள் சிறிய களிமண் உலைகளில் அதை உருக்கி எஃகு செய்கிற திறமையையும் கண்டு வியந்து, உத்தியோகத்தை விட்டுவிட்டு, 1830-இல் பரங்கிப்பேட்டையில் ஐரோப்பிய முறையில் ஒரு இரும்பாலையை ஏற்படுத்தினார். தாது கிடைப்பது சேலத்தில், ஆலை கடற்கரையில், இடையே நூறு மைலுக்கு மேல். இப்படி ஒருவர் ஏன் செய்தார் என்று கேட்டால், நீர்வழியைத் தவிர வேறு விடை கிடையாது. பரிசல்களில் ஏற்றிய பாரம் காவிரியில் இறங்கிக் கொள்ளிடத்தின் வழியே கீழே வந்தது. கொள்ளிடத்திலிருந்து வெள்ளாற்றுக்கு நீரின் மேலேயே வருவதென்றால், இந்தக் கழிகளையும் கால்வாய்களையும் விட்டால் வேறு மார்க்கம் ஏது? நாம் இன்று பொழுதுபோக்குக்காகப் படகு விடுகிற இந்தப் பிரதேசத்தின் வழியாகச் சேலத்து மலைகள் பரங்கிப்பேட்டைக்கு வந்தன என்று சொன்னால் அது மிகையாகாது.

இரும்பு உருகியது; நல்ல இரும்பாகவே இருந்தது. வேல்ஸ் தேசத்தில் ராபர்ட் ஸ்டீவன்சன் கட்டி 1850-இல் முடித்த பிரிட்டானியா குழாய்ப் பாலத்துக்குப் பரங்கிப்பேட்டை இரும்பு பயன்பட்டதாகச் சரித்திர நூல்களில் காண்கிறோம். ஆனால் உலைக்கு வேண்டிய கரி, மரக்கரி. ஒரு உலையின் பசிக்கு எத்தனை காடு வேண்டும்! சுற்றுவட்டாரத்தில் கரி கிடைப்பது வரவர அருமையாகி, விலையும் ஏறிற்று. சீமையில் நிலக்கரியால் மலிவாகச் செய்த இரும்போ கப்பல் கப்பலாக வந்து இறங்கிற்று. கம்பெனிகள் கைமாறிக் கைமாறி, 1860-களில் ஆலை மூடப்பட்டது.

ஹீத்தின் கதை இன்னும் துக்ககரமானது. எஃகு உருக்கும்போது மாங்கனீஸ் கலந்த கரிமப் பொருளைச் சேர்த்தால் எஃகு உயர்வாக அமையும் என்பதைக் கண்டுபிடித்து, 1839-இல் அவர் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு நகரத்து எஃகு முதலாளிகள், அவர் சொன்ன கலவையை வாங்காமல், மாங்கனீஸையும் கரியையும் தனித்தனியாக மூசையில் இட்டு அதே பயனை அடைந்துகொண்டார்கள். மூசையின் சூட்டில் அவை இரண்டும் சேர்ந்து உண்டாவது அவர் கண்டுபிடித்த பொருளேதான் என்றாலும், அவர் தொடுத்த வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்து, 1851-இல் அவர் வறுமையிலேயே காலமானார். 1855-இல் பிரபுக்கள் சபையின் இறுதித் தீர்ப்பும் அவர் குடும்பத்துக்கு விரோதமாகவே முடிந்தது. நம் நாட்டுக் கொல்லர்களின் உலையைப் பார்த்துக் கற்கத் தொடங்கிய ஒருவர் கண்ட உண்மை உலகத்து எஃகுத் தொழிலையே வளப்படுத்திற்று. அவருடைய ஆலை நின்ற ஊரிலோ அவர் பெயரைச் சொல்லிக் காட்டுகிற ஒரு கல்வெட்டையாவது நான் கண்டதில்லை. இது என் மனத்தை மிகவும் வருத்துகிற விஷயம்.

இந்த ஊரில் நடந்த யுத்தத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அது பாடப் புத்தகங்களில் இருக்கிறது. 1781 ஜூன் 18-ஆம் தேதி, மைசூர் ஹைதர் அலியின் காவற்படை இருந்த சிதம்பரம் கோயிலை ஆங்கிலேயத் தளபதி சர் அயர் கூட் தாக்கித் தோற்றுப் பின்வாங்கிப் பரங்கிப்பேட்டைக்கு வந்தார். ஜூலை 1-ஆம் தேதி, ஏறக்குறைய எட்டாயிரம் பேர் கொண்ட படையுடன், பன்மடங்கு பெரிய ஹைதரின் சைனியத்தை ஊருக்கு வடக்கே மணல்மேடுகளுக்கு நடுவில் எதிர்த்து வென்றார். கப்பற்படை பக்கத்துக் கடலில் நின்றது. பட்டினத்தைத் தேடி அவர் வந்ததற்குக் காரணம், அரிசியும் வெடிமருந்தும் கடல்வழியாக அங்கேதான் வந்து இறங்கும் என்பதுதான்.

வடக்கே கடலூரிலும் இதே நியாயம். கெடிலம் கடலோடு சேருகிற இடத்தில் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயர் 1690-இல் மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டுக் குண்டு விழுந்த எல்லைவரையிலுள்ள கிராமங்கள் அவர்களுக்குச் சேர்ந்தன. குண்டு கிராமங்கள் என்றே அவற்றுக்குப் பெயர் நிலைத்தது. 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானதும், இங்கிருந்தே சில ஆண்டுகள் ஆங்கிலேயர் தென்னாட்டு ஆட்சியை நடத்தினார்கள். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி இந்தக் கோட்டையைப் பிடித்து இடித்துப்போட்டார். சிதைந்த மதில்களின் மிச்சத்தைப் பார்க்கப் போகிறவர்கள், கோட்டைக்குப் பக்கத்தில் நெளிந்தோடும் ஆற்று வளைவையும் கவனித்து வாருங்கள். கோட்டையை அந்த இடத்துக்கு அழைத்து வந்தது அதுதான்.

1870-களில் ரயில் வந்தது. கடலூரிலிருந்து தெற்கே சென்ற பாதை, பரங்கிப்பேட்டைக்கும் கிள்ளைக்கும் ஸ்டேஷன் வைத்து, வெள்ளாற்றையும் கொள்ளிடத்தையும் பாலங்களால் தாண்டிற்று. ஆற்றின்மேல் போக வேண்டிய சரக்கு ஆற்றைக் குறுக்கே கடந்து போகத் தொடங்கியது. 1836-இல் இதே கொள்ளிடத்தில் அணைக்கரையைக் கட்டி இந்தச் சிதம்பரம் தாலுகாவின் வயல்களுக்கு நிச்சயமான நீரைத் தந்த சர் ஆர்தர் காட்டன், இந்தியாவுக்கு ரயிலைக் காட்டிலும் படகு செல்லும் கால்வாய்களே தேவை என்று ஆயுள் முழுவதும் வாதாடினார். அவர் வாதம் அந்தக் காலத்தில் எடுபடவில்லை. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் பெருகிய நீராவிக் கப்பல்களுக்கு ஆழமான துறைகள் தேவைப்பட்டன. வெள்ளாற்று முகத்துவாரமோ மணல் தூர்ந்துகொண்டே வந்தது. உலகத்துக் கடல்வழியையே மாற்றிய ஒரு கால்வாயின் அலை, இந்தச் சிறு பட்டினத்தின் கொல்லைப்புறக் கதவையும் தட்டிற்று. ஆனால் திறப்பதற்கு அல்ல, அடைப்பதற்கு.

ஆயினும், ஆண்டுக்கு ஒரு நாள் இந்தப் பிரதேசம் முழுவதும் தன் நீரை நினைத்துக்கொள்கிறது. மாசி மகத்துக்கு மேற்கே ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பூவராகப் பெருமாள் ஊர் ஊராக எழுந்தருளி, கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருகிறார். வழியில் தைக்காலில் முஸ்லிம் பெருமக்கள் பட்டும் பழமும் சமர்ப்பித்து வரவேற்க, பெருமாளின் பிரசாதமும் மாலையும் அங்குள்ள தர்காவுக்குச் செல்கின்றன. அன்று விடியலில் முழுக்குத்துறையில் நின்றுகொண்டு, மாட்டுவண்டியிலும் டிராக்டரிலும் கால்நடையாகவும் வந்து குவிகிற உள்நாட்டு ஜனங்கள் கடலை முதல்முறையாகக் காண்கிற குழந்தைகளைத் தோளில் தூக்கிக் காட்டுவதைப் பார்த்தவர்களுக்கு, இந்தக் கரை யாருக்குச் சொந்தம் என்று விளக்க வேண்டியதில்லை.

முடிவாக ஒரு விண்ணப்பம். சுற்றுலாத் துறையாரும் வனத்துறையாரும் இரு ஊர்ப் பெரியோர்களும் கலந்து பேசி, வாரத்தில் ஒரு நாளாவது, காட்டுக்குத் தீங்கு நேராதபடி சிறு துடுப்புப் படகுகளில், ஓதத்தின் நேரத்தை அனுசரித்து, பிச்சாவரத்திலிருந்து கழிவழியாகவே வெள்ளாற்றைக் கடந்து பரங்கிப்பேட்டைத் துறையில் கொண்டுபோய் இறக்கிவிட ஏற்பாடு செய்ய வேண்டும். காலையில் மீன்முள் வாய்க்கால்களையும் தில்லை மரங்களையும் பார்த்தவர்கள், ஆற்றின் வடகரையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்சார் உயிரியல் மையத்தையும் பார்த்து, பிற்பகலில் பட்டினத்துத் தெருக்களில் நடக்கலாம். படகுக்காரப் பிள்ளைகளுக்கும் கூலி, ஊருக்கும் வரும்படி. அதற்கு முன்னோடியாக, நம் கல்லூரி மாணவர்களில் இருபது பேரை அடுத்த மாதம் அனுமதி பெற்று அழைத்துச் செல்லலாம் என்று எண்ணி, எங்கே இறங்குவது என்பதை விசாரிக்க, சென்ற வாரம் அந்தப் பெரியவரிடம் மறுபடியும் போயிருந்தேன். தெருவழியாக வராமல், ஆற்றிலிருந்து உங்கள் கொல்லைப்புறமாக வந்தால் ஆட்சேபம் உண்டா என்று கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு உள்ளே திரும்பிப் பேரனைக் கூப்பிட்டு, அரிவாள் எங்கே இருக்கிறது என்று விசாரித்துவிட்டு என்னிடம் சொன்னார்: “வரச் சொல்லுங்க தம்பி. படியெல்லாம் வெட்டி வைக்கிறோம். கதவுக்கு இன்னைக்கே எண்ணெய் போடச் சொல்றேன்.”